நாற்பத்திமூன்று

வருகைப் பதிவேட்டில்
நாற்பத்திரண்டு பேரும் மையில்.
ஜூலையில் வந்தவன்,
நான் பென்சிலில்.

குளச்சலிலிருந்து குலசேகரம்.
வாயைத் திறந்தால்
என் கடற்கரை இழுப்பை
பின்பெஞ்சு அப்படியே திரும்பச் சொல்லும்.

ஷிபின் சிரிப்பதில்லை.
விடியுமுன் பால்வெட்டு முடித்து
ஒட்டுப்பால் நாற்றத்தோடு வருகிறவன்.
அவனருகே யாரும் உட்காருவதில்லை,
எனக்கு அது சௌகரியம்.
ஆடிவரை இருவரும்
அதிகம் பேசியதுமில்லை.

காய்ச்சலில் மூன்று நாள் போகவில்லை.
நான்காம் நாள்
என் இடத்தில் அவன் சோற்றுப் பாத்திரம்.

"ஆளு உண்டு, ஆளு உண்டுன்னு
சொல்லி வாய் நொந்துபோச்சு.
எங்கல போன?"

பாத்திரத்தை மடியில் எடுத்துக்கொண்டான்.

நாற்பத்திமூன்று, என்றார் டீச்சர்.
நான் எழுவதற்குள்
"வந்தாச்சு டீச்சர்" என்றான்.

பதிவேட்டில் இன்னும்
பென்சில்தான்.