முதல் டோக்கன்

காலை ஆறு நாற்பது. வெறும் வயிறு.
எம்.சி. ரோட்டுப் பின்சந்து லேபில்
முதல் டோக்கனை எனக்கே போட்டுக்கொண்டேன்.
மற்ற நாளில் ஊசி பிடிப்பவள் நான்.
இன்று என் முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டி
நரம்பு தேடுகிறாள் செலின்ராணி.
"ஆழத்துல இருக்குக்கா" என்கிறாள்.
எதற்கு அடியில் என்று சொல்லவில்லை.
நல்ல பிள்ளை.

கொழுப்பு.
எதிர்த்துப் பேசியதற்குக் கணக்கு டீச்சர் சொன்னது
ஒரு அர்த்தத்தில்.
பெண் பார்க்க வந்து, ரோஸ்மில்க் குடித்துவிட்டு,
படியிறங்கும்போது சொன்னார்களே
அது இன்னொன்று.

சும்மா கிடக்கிற சதை இல்லை அது.
ராத்திரியெல்லாம் ஆள் அனுப்புகிறது.
லெப்டின் மூளைக்கு ஓடுகிறாள்:
போதும், நிறைஞ்சிடுச்சு.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
டேங்கர் ரயில் நகரவில்லை.
அவள் இன்னும் உரக்கக் கத்துகிறாள்.
எல்லா வண்டியும் ஹாரன் அடிக்கிற இடத்தில்
எந்தக் குரல் எட்டும்?
அடிபோனெக்டின் தணிக்கிறவள்.
எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிற மாதிரி
வந்தால் வந்தாள்.

மொட்டை மாடியில் ஏறினால் தெரியும்,
மணலிப் பக்கம், புகைபோக்கி உச்சியில் அந்தச் சின்ன ஜுவாலை.
யாரும் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவதில்லை.
தினமும் எரிவது விபத்தில் சேராது.
கொடியில் போட்ட வெள்ளைத் துணிதான்
சாயங்காலத்துக்குள் நிறம் மாறியிருக்கும்.
எனக்குள் எரிவதற்கும் காய்ச்சல் கிடையாது,
வீக்கம் கிடையாது.
சி.ஆர்.பி. மட்டும்
போன தடவை நாலு புள்ளி எட்டு.

நாலு மாதமாக வராதது
நேற்று ராத்திரி வந்தது,
திருவொற்றியூர் ஷேர் ஆட்டோவில், சொல்லாமல் கொள்ளாமல்.
பக்கத்தில் இருந்த மீன்காரம்மா
என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
கூடையை மூடியிருந்த துணியை உருவி
சீட்டில் விரித்தார்.
வஞ்சிர வாடைமேல் உட்கார்ந்து வீடு வந்தேன்.
துணியைத் திருப்பித் தர
அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மெஷின் சுற்றி நின்றது.
குழாயில் கீழே சிவப்பு, மேலே மஞ்சள்,
கொஞ்சம் கலங்கலாய்.
"எடையைக் கொறைங்கன்னுதான்க்கா எழுதுவாங்க"
என்று சிரித்தாள் செலின்ராணி,
நாற்பத்தாறு கிலோ.
சிரித்தது கண்ணில்தான் தெரிந்தது.
லேபில் ஆளே இல்லாதபோதும்
அவள் மாஸ்க்கை இறக்கமாட்டாள்.
தாடையில் ரேசர் இழுத்த இடம்
டீ குடிக்கும்போது ஒருநாள் பார்த்தேன்.
பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்
ஒரு வருஷம்.

இரண்டாவது டோக்கனைக் கிழித்து
அவள் முன்னால் வைத்தேன்.
"சாப்ட்டியா?"
"இன்னும் இல்லக்கா."
என் கையிலிருந்து அவிழ்த்த ரப்பர் பட்டை
மேஜைமேல் இருந்தது.
நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன்.