தேனப்பனின் புறாக்கள்

"ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று
ஒரு நாளைக்கு நாற்பது தடவை கத்துகிறேன்.
காரைக்குடி நூறடி ரோட்டில்
மருந்துக்கடைக்கு மேலே, ஏசி ஓடாத அறை.
தேனப்பன் வந்தால் மட்டும் குரல் தானாக இறங்கிவிடும்.

போன தையில் அறுபத்தொன்று சதவீதம்.
இன்று ஐம்பத்துநாலு.
ஸ்கேன் அறிக்கையில் 'தேன்கூடு போல்' என்று எழுதியிருந்தது.
"பேருலயே வச்சுட்டாங்க ஆத்தா" என்றார்.
சிரிப்பு பாதியில் இருமலாகி
கைக்குட்டைக்குள் போயிற்று.

டாக்டர் அவருக்குச் சொன்னது
தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.
இருபது வருஷமாக மாடியில் பந்தயப் புறா.
எச்சத் தூள், இறகுத் தூள்.
நுரையீரலின் காவல் செல்கள்
அதைப் படையெடுப்பு என்று எடுத்துக்கொண்டன.
புரதங்களை ஏவின.
இன்டர்லூக்கின் என்று ஒரு கூட்டம்,
டி.ஜி.எஃப்-பீட்டா என்று ஒன்று.
'காயம், வந்து தை.'
நார் நெய்யும் செல்கள் வந்தன, தைத்தன,
தைத்ததன் மேலேயே தைத்தன,
காற்று இறங்கவேண்டிய சல்லிப் பைகளைக்
கித்தான் மாதிரி இறுக்கின.
போதும் என்று சொல்லவும் புரதம் உண்டாம்.
இவர் நெஞ்சில் அதன் குரல் எடுபடவில்லை.

"அப்ப உள்ளேயும் பந்தயம் விட்டிருக்காங்க" என்றார் தேனப்பன்.
டாக்டர் ஸ்டீராய்டு எழுதினார்.

முப்பத்திரண்டு புறாக்களையும் கூண்டோடு
திருமயத்தில் ஒருவருக்குக் கொடுத்தார்.
அங்கே திறந்துவிட்ட அன்றே
பதினொன்று திரும்பி வந்து
தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தன.
உமையாள் தட்டைத் தட்டி விரட்டினாள்.
மறுநாள் பதினாலு.

மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு எட்டு மாதம்.
மாஸ்க் இல்லாமல் முற்றத்துக்குக்கூட வருவதில்லை.
"தூசி நின்னுபோச்சே,
சேதி ஏன் நிக்கல?"
என்னிடம் கேட்டார். நான் வெறும் டெக்னீஷியன்.
முனையை மாற்றி
"இன்னொரு தடவை ஊதுங்க" என்றேன்.

கோடு சட்டென்று ஏறி
அதைவிடச் சட்டென்று தரைக்கு வந்தது.
எழுதிக்கொண்டேன்.

பதினேழு படி. ஆறாவதில் நின்றார்,
கம்பியைப் பிடித்தபடி அண்ணாந்து கேட்டார்:
"இரை போடாம விட்டா, அதுவா போயிருமா?"

புறாவையா கேட்கிறார்?

போயிரும் என்றேன்.