முப்பத்தொரு மில்லிமீட்டர்

சோதனைக் கட்டிகள் ஆறும் தேறிவிட்டன.
இருபத்தெட்டாம் நாள் நீலாயிலிருந்து தாள் வந்தது:
கேட்ட பலம் இருபத்தைந்து, கிடைத்தது இருபத்தேழு.
தவுக்கே யாப் எனக்கொரு தே தாரிக் வாங்கித் தந்தார்.
அந்தத் தாளைத் தலையணைக்கடியில் வைத்து
நான் தூங்கியிருக்கலாம்.

ஆனால் நான்காம் தூணில், முழங்கால் உயரத்தில்,
மூக்கொழுகிக் காய்ந்த பிள்ளை முகம்போல்
மணல் கோடுகள்.
யாரோ சிமெண்டுக் கூழ் பூசி மறைத்திருந்தார்கள்.
கார்ச் சாவியால் தட்டினேன்.
மற்ற மூன்றும் ணங் என்றன.
இது,
காயா பழமா என்று பலாவைத் தட்டுவோமே,
அந்தப் பழத்தின் சத்தம்.

கட்டிகள் எடுத்தது பகலில், முதல் லோரியிலிருந்து.
நான்காம் தூணுக்கு வந்தது மூன்றாவது லோரி.
தளக் குறிப்பேட்டைப் புரட்டினேன்.
வானிலை: தெளிவு.
என் கையெழுத்துத்தான்.

அன்று மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன்,
சிரம்பானில் மகளுக்குப் பல் டாக்டர்.
மறுநாள் காலை, நல்ல வெயிலில் உட்கார்ந்து
முந்தைய நாளின் வானத்தை எழுதினேன்.

செம்பனைக்கு உரம் போடுகிறவர்கள்
மழையைக் கணக்கில் வைப்பார்கள்.
தோட்டத்து ஆபிசில் கிராணி ஜெபமணி
நீலப் பேரேட்டில் விரலை ஓட்டி நிறுத்தினார்:
பதினான்காம் தேதி. மூன்று நாற்பது முதல் ஐந்து பத்துவரை.
முப்பத்தொன்று.
என் முகத்தைப் பார்த்தார். அக்கறையாகத்தான் கேட்டார்:
"கொஞ்சம் குறைச்சு எழுதிக் குடுக்கட்டா சார்?
பள்ளிக்கூடம் நம்மோடதுதானே."

இரவில் குழுத்தலைவர் அரியபுத்திரன் போனில்.
மாடித் தளத்துக்கு இரும்பு வியாழக்கிழமை வருகிறதாம்,
திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்றாம்.
"நம்மாளு நீங்க இருக்கீங்கன்னு
தைரியமா இருந்தோம்."

மாடியில் நான்கு வகுப்பு.
நூற்றுப் பதினாறு பிள்ளைகள்,
அவர்களைவிடக் கனமான புத்தகப் பைகள்.
மணி அடித்ததும் ஓடுவார்கள்;
ஓட்டத்துக்கும் கணக்கில் ஓர் எண் உண்டு.
நம்மாளுக்கு எண் இல்லை.

குறிப்பேட்டில் வெள்ளை மை கூடாது, கிழிக்கக் கூடாது.
ஒரே கோடு; அடித்த சொல் படிக்கும்படி இருக்க வேண்டும்,
பக்கத்தில் இன்றைய தேதி, ஒப்பம்.
தெளிவு என்பதன் மேல் கோடு போட்டேன்.
கனமழை என்று எழுதினேன்.
நான் தளத்தில் இல்லை என்று எழுத
பேனா கொஞ்சம் மக்கர் பண்ணியது.

ரொபியூல்தான் உடைத்தான்.
பாதிக்கு மேல் இயந்திரமே தேவைப்படவில்லை,
பொரியுருண்டை உதிர்வதுபோல் ஜல்லி கையோடு வந்தது.
முகக் கவசத்தை இறக்கிவிட்டு மலாயில் சொன்னான்:
அன்று எனக்கு இரண்டு முறை போன் அடித்தானாம்.

டாக்டர் அறையில் போனை ஊமையாக்கி வைத்திருந்தேன்.
வெளியே வந்து பார்த்தேன்தான்.
நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று
மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போனேன்.

கூழ் பூசியது யார் என்று நான் கேட்கவில்லை.
அவனும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
கம்பிகள் மட்டும் நாலைந்து நாள்
வெயிலில் அம்மணமாக நின்றன.
வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன்
"சார், ஏன் கட்டிக் கட்டி உடைக்கிறீங்க?" என்றான்.
மணியடித்துவிட்டது. ஓடிப்போனான்.

தவுக்கே இப்போது தனியாகத்தான் தே குடிக்கிறார்.
கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு கடிதம்;
அதையும் கோப்பில், தேதி வரிசையில் வைத்தேன்.

புதுத் தூணுக்குக் காலை ஒன்பதுக்கு லோரி வந்தது.
ஒவ்வொரு தள்ளுவண்டியையும் எண்ணினேன்.
பிற்பகலில் பகாவ் பக்கம் கறுத்தது,
தார்ப்பாயின் ஒரு முனையை ரொபியூல் பிடித்தான்,
மறு முனையை நான்.
வரவில்லை.
ஆறேகால் வரை நின்றுவிட்டு
கால் மரத்துப்போய் உட்கார்ந்து எழுதினேன்,
வானம், நேரம்,
யார் யார் இருந்தோம் என்று.