கசிவுச் சோதனை

தொண்ணூறு நாள்
ஒரு காலிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க
கொலராடோ மாநிலம் எனக்குச் சம்பளம் தருகிறது.

தெற்கு பிளாட் ஆற்றோரம்.
சரளை முழுவதும் அள்ளிச் சாலையாக்கியாயிற்று.
நான் வண்டியோட்டி வந்த சாலையும்
இங்கிருந்து எழுந்து போனதுதானோ என்னவோ.
மிச்சமிருப்பது குழி.
குழியைச் சுற்றி, மண்ணுக்குள்,
யாரும் பார்க்க முடியாத ஒரு களிமண் சுவர்:
மூன்றடி அகலம், நாற்பதடி ஆழம்,
அடியில் களிப்பாறையைக் கடித்துக்கொண்டு நிற்கிறது.

நாளை இதில் ஒரு நகரம் தன் தண்ணீரைச் சேமிக்கும்.
அதற்கு முன் குழி நிரூபிக்க வேண்டும்
தனக்கு யாரோடும் உறவில்லை என்று.

இங்கே சட்டம் அப்படி.
இருட்டில் கிடக்கும்வரை ஊற்று ஆற்றின் சொத்து.
தோண்டியவன் அதற்கு வெயிலைக் காட்டிவிட்டால்
ஆவியாகப் போகும் ஒவ்வொரு துளிக்கும்
ஈடு கொடுக்க வேண்டும்,
கீழே எங்கோ, கொள்ளுத்தாத்தன் காலத்து உரிமையோடு
மதகைத் திறக்கக் காத்திருப்பவனுக்கு.

கசிவு.
என் மொழியில் இந்தச் சொல்லுக்கு மனமிளகுதல் என்றும் பொருள்.
படிவத்தில் அதற்கு ஒரே பொருள்தான்,
அது ஒரு எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும்.

குவாரிக்காரர் வெர்லின் ரூபல்
ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டாலருக்குப்
பிணைப்பத்திரம் கட்டியிருக்கிறார்.
அவர் செத்தால், திவாலானால்,
ஒரு காலையில் சாவியை வீசிவிட்டு அரிசோனா போய்விட்டால்
அந்தப் பணத்தில் அரசு குழியை மூடும்.
இன்னும் ஒரு குற்றமும் செய்யாத பள்ளத்துக்கு
முன்ஜாமீன்.
"என் கல்யாணத்துக்குக்கூட
இவ்வளவு உத்தரவாதம் யாரும் கேட்கலை" என்பார்,
தெர்மாஸ் மூடியில் எனக்குக் காப்பி ஊற்றியபடி.

அறுபத்து மூன்றாம் நாள்
அளவுகோலில் இரண்டு விரற்கடை நீர் ஏறியிருந்தது.
மழை என்றார் வெர்லின்.
என் மழைமானியில் ஒரு செத்த ஈ மட்டும்.
அறுபத்து நான்கு, இன்னும் ஒரு விரற்கடை.
அவர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.
சுவரில் ஓட்டையென்றால்
கடன் கொடுத்த வங்கி, பிணை நின்ற கம்பெனி, நகரசபை
மூன்றும் ஒரே நாளில் கதவைத் தட்டும்.

அன்றிரவு வண்டியிலேயே தூங்கினேன்.
இரண்டு மணிக்கு ஒரு மோட்டார் சத்தம்.
கரைமேல் ஒரு பச்சை ஹோஸ்,
அதன் மறுமுனையில்
மேட்டுப்பக்கத்து வீட்டு டெசிடெரியோ பாக்கா
முழங்கால்வரை பூட்ஸும் உள்பனியனுமாய்.

"சுவர் கட்டினதிலேர்ந்து
ஆற்றுக்குப் போற தண்ணி முட்டித் திரும்பி
என் வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கு.
வாஷிங் மெஷின் மிதக்குது.
உங்க தண்ணிதானே, உங்ககிட்டயே கொடுத்துடலாம்னு."

டார்ச்சை அணைத்தேன்.
சுவர் கசியவில்லை.
சுவர் கசியாததுதான் வழக்கு.

படிவத்தில் நான்கு கட்டங்கள்:
மழை, ஆவி, ஊறல், இறைப்பு.
பக்கத்து வீட்டுக்காரன் தன் கோபத்தை
அரை அங்குலக் குழாயில் ஊற்றினால்
எந்தக் கட்டம்?
பேனா மூடியைக் கடித்தபடி விடியும்வரை இருந்தேன்.
பிறகு ஓரத்தில் எழுதினேன்,
நடந்ததை நடந்தபடி.

அலுவலகம் இரண்டு வரியில் பதில் சொன்னது.
சோதனை செல்லாது, முதலிலிருந்து தொடங்கவும்.
மேட்டுப்பக்கம் வடிகால் அமைக்கும்வரை
பிணைத்தொகை எண்பதாயிரம் கூடும்.

வெர்லின் கத்துவார் என்று நினைத்தேன்.
படித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்தார்.
பாக்காவின் வீட்டுக்கு நடந்து போய்
அடித்தளப் படிகளில்
மூன்றாவது படிவரை இறங்கி
நீர் தொட்ட இடத்தில் நின்றார்.
மேலே வந்து கேட்டது ஒன்றே ஒன்று:
"மெஷின் என்ன மாடல்?"

இன்று முதல் நாள்.
அளவுகோல் பூஜ்யம்.
யாரிடமும் அனுமதி வாங்காத இரண்டு வாத்துகள்
காலிக் குழியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு
ஆற்றுக்கே போய்விட்டன.
நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ஏழு பத்து.