புள்ளி

தூதரகப் படிவம் புள்ளியை ஏற்பதில்லை.
பெ. சாத்தப்பன் என்று அடித்தால்
கட்டம் சிவந்துபோகிறது.
மூன்றாம் முறை அடித்தபோது
செக்காலை ரோட்டு நெட் சென்டரில்
கரண்ட்டே போய்விட்டது.

பள்ளத்தூர் பஸ்ஸில் இட்செல் சிரித்துக்கொண்டே வந்தாள்.
"உன் அப்பாவுக்கு ஓர் எழுத்து இடம்தானா?"
அவளுக்கு இரண்டு முழுப்பெயர் துணை:
பாரியெந்தோஸ், தகப்பன் வழி.
ஒல்வேரா, தாய் வழி.
என்னைக் கட்டியும் இரண்டும் அவளை விட்டுப் போகவில்லை.
பச்சூகாவில் பிறந்தவள்.
காற்று ஓயாத ஊராம்;
எங்கள் முற்றத்தில் கொடித்துணி அசையாத மதியங்களில்
அதைச் சொல்லுவாள்.

மகள் பிறந்த நாற்பத்தோராம் நாள்
டெல்லிக்கு மின்னஞ்சல் போட்டோம்.
மறுநாளே பதில்:
பிறப்புச் சான்று, அப்போஸ்டில் முத்திரையோடு.
அதன் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு.
பெற்றோர் இருவரும் நேரில்.
குழந்தையும்.
குழந்தைக்கு இரண்டு குடும்பப்பெயர்.

சான்றிதழில் தாயின் பெயர்
'இட்லிசெல்வி' என்றிருந்தது.
திருத்த ஒரு மாதம்.
திருத்தி வந்ததில் 'இட்செல் பாரிஜாதம்'.
"நல்ல பேர்தானே சார்" என்றார் எழுத்தர்,
மெய்யாகவே வருத்தப்பட்டு.
இன்னொரு மாதம்.

போட்டோவுக்காக உமையாளை
என் சலவை வேட்டியில் கிடத்தினோம்.
வெள்ளைப் பின்னணி. இரண்டு காதும் தெரிய வேண்டும்.
கண் திறந்திருக்க வேண்டும்.
முகத்தில் ஒன்றும் கூடாது.
கன்னத்து மைப்பொட்டை
எச்சில் தொட்டுத் துடைத்தாள் இட்செல்.
ஸ்டுடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்.
"வெறுங் கன்னமாவா எடுக்கணும்?"

அந்த மாசியில்தான்
கோயிலில் புள்ளி வரி வாங்கினார்கள்.
பெரியப்பச்சி வீடு ஒரு புள்ளி.
போன வைகாசியில் கல்யாணம் முடித்த
தம்பியும் அவன் மனைவியும் ஒரு புள்ளி.
நானும் பணத்தோடு நின்றேன்.
கணக்கர் நோட்டை மூடவுமில்லை,
எழுதவுமில்லை.
"காப்பி சாப்பிட்டுப் போங்க தம்பி."
சாப்பிட்டேன்.
நல்ல காப்பிதான், குறை சொல்ல முடியாது.

டெல்லியில், கண்ணாடிக்குப் பின்னால்
மரிசேலா என்றொரு அதிகாரி.
தகப்பனின் முதல் குடும்பப்பெயர்?
இல்லை.
இரண்டாவது?
அதுவும்.
இந்த 'பெ' என்பது?
என் அப்பச்சி. பெரியகருப்பன்.
அது அவர் பெயரா, குடும்பத்தின் பெயரா?

எங்களில் பேரன்தான் பெயரைத் தூக்குவான்.
என் ஐயாவின் பெயர் சாத்தப்பன்,
அவருடைய ஐயாவின் பெயரும் அதுவே.
ஒன்றுவிட்டு ஒன்று, படியேறுகிற மாதிரி.
இதை இட்செல் ஸ்பானிஷில் சொல்லச் சொல்ல
மரிசேலா பேனாவை உதட்டில் தட்டிக்கொண்டிருந்தாள்.
பிறகு யாரையும் கேட்காமல் தட்டச்சு செய்தாள்:
உமையாள் சாத்தப்பன் பாரியெந்தோஸ்.
ஒரு நிமிடம் முன்புவரை ஆளாக இருந்தேன்.
இப்போது வம்சம்.

கடைசியில் பிள்ளையின் பெருவிரலை
மையில் ஒற்றி
ஏட்டில் அழுத்தினாள்.
உளுந்தளவு கறுப்பு.
ரேகைகூடச் சரியாக விழவில்லை.
"போதும்" என்றாள்.

மூன்று நாள் ரயில், சோப்பு, தேங்காயெண்ணெய்
எதற்கும் அந்த மை போகவில்லை.
பல்லவன் காரைக்குடியில் நின்றபோது ராத்திரி.
மகனை அழைத்துப்போக வந்திருந்த கணக்கர்
பையை வாங்கிக்கொண்டார்,
குனிந்து பிள்ளையைப் பார்த்தார்,
விரலைப் பார்த்தார்.
"என்ன தம்பி, அதுக்குள்ள ஓட்டுப் போட்டாச்சா?"

சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன்.
அதற்குள் உமையாள்
அந்த விரலை
வாயில் போட்டுக்கொண்டுவிட்டாள்.