பிடரிச் சந்தி

சால்ட்ஹில் கடலில் ஜனவரியிலும் குளிக்கிற ஒருத்தி
கரையேறியதும் போர்த்திக்கொள்ள
கம்பளி மேலங்கி கேட்டாள்.
முன்பக்கம் ஏறி, கழுத்தைச் சுற்றி,
மறுபக்கம் இறங்குகிற
பின்னல் பட்டை வேண்டும், விளிம்பு நெடுக.
நீலம் ஒன்று, கடுகு மஞ்சள் ஒன்று.

கால்வேயில் எங்கள் சலவைக் கடையின் பின்னறை.
நீராவி. ஒரு மேசை. இரண்டு விளக்கு.
இடப்பாதி எனக்கு, வலப்பாதி ஹஸ்னாவுக்கு.
முடிந்ததும் பிடரியில் மூட்டுவதாக ஏற்பாடு.

என் பட்டை வளையும்.
மழையில் நிற்கும் கற்சிலுவைகளில் இருப்பதுபோல
தன் வாலைத் தேடித் தானே திரும்பும்.
அவளுடையது வளையாது.
தெத்துவானில் அவள் படித்த பள்ளிச் சுவர் ஓடுகள்போல
போய்க்கொண்டே இருக்கும், சட்டென்று முறியும்,
எட்டு முனை விண்மீன் ஒன்றைச் சுற்றிவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல நேரே போகும்.
"உன்னுடையது குடித்திருக்கிறது" என்றாள்.
"உன்னுடையதற்கு
வருமான வரி ஆபீஸில் உத்தியோகம்" என்றேன்.

ஒரே ஒரு சட்டம் இருவருக்கும் பொது:
இந்தச் சந்தியில் மேலே போனது
அடுத்த சந்தியில் கீழே போக வேண்டும்.

கீழே என்று சொல்கிறோமே தவிர
எந்தப் பட்டையும் கீழே போவதில்லை.
மற்றதன் ஓரம் வந்ததும் நூலை நிறுத்துகிறோம்.
அந்தப் பக்கம் மீண்டும் எடுக்கிறோம்.
இடையில் இருப்பது
பார்க்கிறவர் கண் போடுகிற தையல்.

ஆறாவது வாரம், வெள்ளி மாலை,
இரு பாதிகளையும் குண்டூசி குத்திச் சேர்த்தோம்.
என் கடைசிச் சந்தியில் நீலம் மேலே.
அவள் முதல் சந்தியிலும் நீலம் மேலே.
வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை.
எங்களுக்கு அது பல்லிடுக்கில் நார்.

ஒன்றை மட்டும் மாற்ற முடியாது.
மாற்றினால் வரிசை முழுக்க மாற்ற வேண்டும்.
என் பக்கம் பதினேழு, அவள் பக்கம் பத்தொன்பது.
குறைவாக இருப்பவள்தானே பிரிக்க வேண்டும்,
அதை நான் சொல்லவில்லை.
அவள் கத்தரியை உறையில் போட்டாள்.
நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
ஆளுக்கொரு பாதியைச் சுருட்டிக்கொண்டு
விடைபெறாமல் கிளம்பினோம்.

சனி முழுக்க மழை.
தேநீரில் நீலப் பிசிறு, நாக்கில் நீலப் பிசிறு.
பிரித்த இடமெல்லாம்
கம்பளியில் ஊசி போன பழைய துளைகள்
எறும்பு வரிசையாய் என்னைப் பார்த்தன.
ஞாயிறு நள்ளிரவு தாண்டிப் பதினேழாவது முடிந்தது.

திங்கள் காலை
என் பாதியை மேசையில் விரித்தேன், பேசாமல்,
கொஞ்சம் பெருமையாக.
அவளும் விரித்தாள், பேசாமல்,
ஆள்காட்டி விரலில் புதுப் பிளாஸ்திரி.
குண்டூசி.
என் கடைசியில் நீலம் கீழே.
அவள் முதலில் நீலம் கீழே.

பின்னால் சட்டை தேய்க்கும் எந்திரம்
ஒரு முறை பெருமூச்சு விட்டது.
யார் முதலில் சிரித்தது என்பதில்
இன்று வரை எங்களுக்குள் வழக்கு.

ஹஸ்னாதான் சுண்ணக்கட்டியை எடுத்தாள்.
மூட்டின்மேலேயே,
அவள் துணியில் பாதியும் என் துணியில் பாதியுமாக,
புதிதாய் ஒரு சந்தி வரைந்தாள்.
கீழே, மேலே, கீழே.
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினோம்.
வெள்ளிக்கிழமையே போட்டிருக்கலாம்.
அன்றைக்கும் சரியாகத்தான் வந்திருக்கும்.

இரண்டு ஊசி, இரு பக்கமிருந்து.
தலைகள் இரண்டு முறை முட்டிக்கொண்டன.
வந்தது அழகில்லை. என் வளைவுமில்லை,
அவள் முறிவுமில்லை,
மடக்கிய முழங்கால் மாதிரி ஏதோ.

குளிப்பவள் வந்து வாங்கிப் போனாள்.
இருபது யூரோ பாக்கி.
மறுநாள் காலை பஸ் பிடித்து
பாக்கியைக் கேட்கிற சாக்கில் கடற்கரைக்குப் போனேன்.
பல் கிட்டும் காற்று. படியேறி வந்தாள்,
மேலங்கியை இழுத்துப் போர்த்தினாள்,
ஈர முடியை உதறிப் பின்னால் போட்டாள்.
பிடரி முழுக்க முடி. அதிலிருந்து சொட்டுகிற கடல்.

"தெரிந்ததா?" என்றாள் ஹஸ்னா.
"இல்லை" என்றேன். "பணமும் தரவில்லை."
"சரி" என்று
ஏதோ ஒரு சட்டையின் அறுந்த பொத்தானுக்கு
நூல் கோக்கத் தொடங்கினாள்.