முன்னாள்

பாலையூற்றில் எங்கள் ஒழுங்கைக்கு
ஒரு மதகு கேட்டுப் போனவன்தான் சூசைநாதன்.
நகரசபைக்கு ஆறு தரம் அலைந்து
ஏழாம் தரம் உறுப்பினராய்ப் போனான்.

பிறகு மாகாணசபை. விருப்பு இலக்கம் பதினொன்று.
கோட்டையடி மதிலில் நாங்கள் இரவிரவாய் ஒட்டிய முகத்தை
கோதுமைமாப் பசைக்காக
விடியுமுன் மான்கள் தின்றுவிட்டன.
"காது மிஞ்சியிருக்கு,
சனம் சொல்லுறது கேட்கும்" என்று சிரித்தான்.
வென்றான்.

உட்துறைமுக வீதியில்
குளிரூட்டி நேரே பிடரியில் அடிக்கும் கதிரை.
கொழும்பு அனுப்பாத காசுக்கு
வரவுசெலவுத் திட்டம் வாசிப்பார்கள்.
அவனுடைய கடிதங்களை நான் தட்டச்சு செய்தேன்:
இடமாற்றம், கிணறு, மின்கம்பம்,
காணாமற்போன ஒரு மகனுக்காக ஒன்பது கடிதம்,
ஒன்பதுக்கும் ஒரே பதில்.

மதகு வந்தது.
பெயர்க்கல்லில் மட்டும் 'சுசைநாதன்'.

சபை கலைந்தது. தேர்தல் வரும் என்றார்கள்.
வருடம் வருடமாய்
என்றுகொண்டே இருக்கிறார்கள்.
கடிதத்தாள் இன்னும் இரண்டாயிரம் கிடக்கிறது.
'முன்னாள்' என்று றப்பர் முத்திரை செய்வித்துக் கொடுத்தேன்;
ஒவ்வொரு தாளிலும் அவனே குத்துகிறான்,
கொஞ்சம் சரிவாய்,
பதவியை மறைக்காத இடம் பார்த்து.

நேற்று, கார்த்திகை மழை.
மதகுக்குள் யாரோ மெத்தை அடைத்திருந்தார்கள்.
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான்.
தன் பெயர்மேல் ஒரு கையை ஊன்றி
மற்றக் கையால் துழாவினான்.
மேலே குடையோடு நின்ற பொடியன் கேட்டான்:
"ஐயா, நீங்கள் நகரசபை ஆளோ?"

"ஓம்" என்றான்.
"அந்தக் கம்பியை இஞ்சால தா."